கோணல் தையலுக்கே முதற்பரிசு



கல்வி என்பது ஏட்டில் உள்ள எழுத்தை அறிவதோடு முடிந்துவிடுவதன்று. கண் கண்டதைக் கை செய்யவும், கை செய்ததைக் கருத்து எடைபோடவும் பழகும்போதுதான் கல்வி நிறைவெய்துகிறது. இதனை மறுப்பார் யாரும் இலர். ஆனால், மேடையில் இதனை ஒப்புக்கொள்ளும் நாமே, வீட்டில் நம் பிள்ளை ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், "அதை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடு" என்று கூறிவிடுகிறோம். இது சரிதானா என்பதைப் பற்றிச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றை முதலில் கூறிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு தமிழ்ப்பள்ளியில் நடைபெற்ற கைவினைப் பொருட்காட்சிக்கு நடுவர்களுள் ஒருவனாகச் சென்றிருந்தேன். நீண்ட மேசையின்மீது வெள்ளைத் துணி விரித்து, பிள்ளைகளின் கைவேலைகளை அழகுற அடுக்கி வைத்திருந்தார்கள். நடுவில், பட்டு நூலால் ரோஜா மலர் தைத்த தலையணை உறை ஒன்று இருந்தது. அதன் தையல் ஒவ்வொன்றும் அச்சில் வார்த்தது போல ஒரே அளவாக இருந்தது. மேசையின் ஓரத்தில், பழைய சாரோங் துணியில் தைத்த சிறு சுருக்குப்பை ஒன்று கிடந்தது. அதன் தையல் ஓரிடத்தில் நெருங்கியும் மற்றோரிடத்தில் அகன்றும், நேர்கோட்டை விட்டு விலகியும் வளைந்தும் சென்றது. ஓரிடத்தில் நூல் அறுந்து, மீண்டும் தைத்த தடம் தெரிந்தது. முதற்பரிசை நாங்கள் தலையணை உறைக்கே கொடுத்தோம்.

விழா முடிந்தபின், பரிசு பெற்ற சிறுமியை அழைத்து, "இந்த இதழை எந்தத் தையலால் போட்டாய், அம்மா?" என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியாது சார். அம்மா கடையிலே வாங்கிக் கொடுத்தாங்க" என்றாள்.

சற்று நேரத்தில் சுருக்குப்பையை எடுத்துச் செல்ல ஒரு பையன் வந்தான். ஐந்தாம் ஆண்டு மாணவன். "யார் தைத்தது, தம்பி?" என்றேன். "நான்தான் சார். பாட்டிக்கு வெற்றிலை வைக்க" என்றான். நூல் அறுந்த இடத்தைச் சுட்டிக் காட்டினேன். அவன் முகம் மலர்ந்தது. நூலை நீளமாக எடுத்துவிட்டதால் சிக்கு விழுந்ததையும், இழுத்தபோது அது அறுந்ததையும், மூன்று விரற்கடை அளவு பிரித்துவிட்டு மறுபடியும் தைத்ததையும் வரிசையாகச் சொன்னான். பிறகு அந்தப் பையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு ஆறுதற்பரிசுகூட இல்லை.

அன்று பிழை செய்தவள் அந்தச் சிறுமி அல்லள். மகள் பரிசு பெறவேண்டும் என்று விரும்பிய அந்தத் தாயை மட்டும் குறை கூறுவதும் முறையன்று. பிழை செய்தவர்கள் நடுவர்களாகிய நாங்களே. வாங்கி வந்தால் பரிசு கிடைக்கும் என்பதை அச்சிறுமிக்குக் கற்பித்தோம். வருந்திச் செய்தால் பரிசு கிடைக்காது என்பதை அப்பையனுக்குக் கற்பித்தோம். ஒரே நாளில் இரண்டு தீய பாடங்கள்!

ஆகவே, நான் கூற விரும்புவது இதுதான்: பிள்ளையின் கைவேலையில் நாம் தேடவேண்டியது கடைச்சரக்கின் அழகையன்று, பிள்ளையின் கை உழைத்த தடத்தையே. தானே தைத்த கோணல் தையல், பிறர் தைத்த நேர்த்தையலினும் மேலானது.

நூலும் நூலும்

நம் மொழியில் 'நூல்' என்னும் சொல் இரு பொருள் தரும். துணி நெய்யும் இழைக்கும் நூல் என்று பெயர். அறிவு தரும் ஏட்டுக்கும் நூல் என்றே பெயர். இப்பெயர்ப் பொருத்தத்தை நன்னூலாசிரியர் பவணந்தி முனிவர் விளக்கியிருக்கிறார். சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவரை இழை நூற்கும் பெண்ணாகவும், வாயைக் கையாகவும், அறிவைக் கதிராகவும் அவர் உருவகம் செய்கிறார். மரத்தின் கோணலைத் தச்சர் நூல் பிடித்து அறிந்து நீக்குவது போல, அறிவு நூல் மாந்தர் மனத்தின் கோணலை நீக்கும் என்றும் அவர் கூறுகிறார். திருவள்ளுவர் நெசவுத் தொழில் செய்து வாழ்ந்தார் என்பது நம்மவரிடையே வழங்கும் செவிவழிச் செய்தி. கை நூலையும் கல்வி நூலையும் முன்னோர் பகையாகக் கருதவில்லை என்பதற்கு இவையே சான்று. இவ்விரண்டையும் பிரித்து, ஒன்றை மேலாகவும் மற்றொன்றைத் தாழ்வாகவும் வைத்தவர்கள் நாமே.

பிற நாட்டு அறிஞர்களும் இவ்வாறே எண்ணியுள்ளனர். புரோபெல் என்னும் கல்வியாளர் 1837-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் தொடங்கிய சிறுவர் பள்ளியே பின்னர்க் கிண்டர்கார்டன் என்னும் பெயரால் உலகெங்கும் பரவிற்று. அங்கே காகித மடிப்பும், தாள் பின்னலும், அட்டையில் துளையிட்டு நூல் கோத்தலும் விளையாட்டாகவே பாடமாயின. 1866-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டில் மக்கள் பள்ளிகள் அமைந்தபோது, ஊனோ சிக்னேயுஸ் என்பாரின் முயற்சியால் கைவேலை கட்டாயப் பாடமாயிற்று. இன்றும் அந்நாட்டில் ஆண், பெண் இருபாலாரும் அதனைப் பயில்கின்றனர். 1937-ஆம் ஆண்டில் வார்தாவில் கூடிய மாநாட்டில், கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வித் திட்டத்தைக் காந்தியடிகள் எடுத்துரைத்தார்.

தோட்டத்து ஊசி

இவற்றையெல்லாம் ஏட்டில் படித்துத்தான் நாம் அறிய வேண்டும் என்பதில்லை. தோட்டப்புறத்து லயங்களில் வாழ்ந்த நம் தாய்மாரிடம் ஓர் ஊசி எப்போதும் இருந்தது. விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, பால்மரம் சீவி, பால் எடுத்துத் திரும்பிய கைகளே மாலையில் கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போட்டன. கோதுமை மாவு வந்த துணிச் சாக்கைப் பிரித்து, துவைத்து, பிள்ளைக்கு உள்ளாடையும் தலையணை உறையும் தைத்தார்கள். கிழிந்த சேலை தொட்டில் ஆயிற்று. தொட்டில் கிழிந்தபின் அதுவே பல மடிப்பாகத் தைத்த விரிப்பு ஆயிற்று. சப்பானியர் ஆட்சிக் காலத்தில் துணிப் பஞ்சம் ஏற்பட்டபோது, சணற்சாக்கை வெட்டித் தைத்து உடுத்தியவர்களும் உண்டு.

வறுமையைப் போற்றுவதற்காக இவற்றைக் கூறவில்லை. அந்த வாழ்வு நம் பிள்ளைகளுக்கு மீண்டும் வரவேண்டா. ஆனால், 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்று வாழ்ந்த அவர்களுடைய கைத்திறன் வறுமையோடு சேர்ந்து ஒழிந்துபோக வேண்டிய பொருளன்று. இன்று பல குடும்பங்கள் தோட்டத்தை விட்டு நகர்ப்புறத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடியேறிவிட்டன. பொத்தான் ஒன்று அறுந்தால் சட்டையையே எறிந்துவிடும் வழக்கமும் உடன் வந்துவிட்டது. பாட்டிக்குத் தெரிந்தது பேரனுக்குத் தெரியவில்லை. இடையில் இருக்கும் நாமே அந்த நூலை அறுத்தவர்கள் ஆகிறோம். 'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்பது பழமொழி. தாய் தைக்கக் காணாத பிள்ளை எங்ஙனம் தைக்கக் கற்கும்?

சிறைக்குள் தைத்த சிறுமியர்

துணித்துண்டும் ஊசியும் பிள்ளைகளுக்கு எத்தகைய துணையாகும் என்பதற்கு, நம் அருகில் நிகழ்ந்த வரலாறு ஒன்றைச் சொல்லுகிறேன். 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தது. ஐரோப்பியப் பெண்களும் பிள்ளைகளும் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டனர். அங்கே எலிசபெத் என்னிஸ் என்னும் பெண்மணி சிறுமியரைக் கூட்டிச் சாரணியர் குழு ஒன்றை நடத்தினார். அச்சிறுமியர் தங்கள் தலைவியின் பிறந்த நாளுக்குப் பரிசளிக்க விரும்பினர். சிறைக்குள் கடை ஏது? காசு ஏது? கிடைத்த கிழிசல் துணிகளையெல்லாம் சேர்த்து, அறுகோணத் துண்டுகளாக வெட்டி, ஒன்றோடொன்று தைத்து, ஒட்டுப்போர்வை ஒன்றை உருவாக்கினர். தலைவிக்குத் தெரியாமலே அவ்வேலை நடந்தது.

அதைக் கண்ட பெரியவர்களுக்கும் ஊக்கம் பிறந்தது. அதே ஆண்டில் அச்சிறைப் பெண்கள் மூன்று பெரிய போர்வைகளைத் தைத்தார்கள். ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள்; சதுரம் ஒன்றுக்கு ஒரு பெண். தன்னைப் பற்றி ஏதேனும் ஒன்றை அதில் பூத்தையலாக இடவேண்டும் என்பது ஏற்பாடு. ஆண்கள் வேறிடத்தில் அடைபட்டிருந்தபடியால், தான் உயிரோடிருக்கும் செய்தியைக் கணவனுக்குத் தெரிவிக்கவும் அச்சதுரங்கள் பயன்பட்டன. சிறுமியர் தைத்த போர்வை இன்று இலண்டனில் உள்ள போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் தையல் நேராக இருக்கிறதா, கோணலாக இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. யார் கையால் தைத்தார்கள், யாருக்காகத் தைத்தார்கள் என்பதே அதன் மதிப்பு.

ஊசி ஆண்பிள்ளைக்கு ஆகாதா?

'தையல்' என்னும் சொல்லுக்குப் பெண் என்றும் ஒரு பொருள் உண்டு. அதனால்தானோ என்னவோ, தையல் வேலை பெண்ணுக்கே உரியது என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பையன் ஊசியைத் தொட்டால் அவனைக் கேலி செய்கிறார்கள். இது பொருந்தாத எண்ணம். தீபாவளிக்கு நமக்குச் சட்டை தைத்துத் தந்த தையற்காரர் யார்? கோயில் தேருக்குச் சிம்மாசனத் தொங்கலும் குஞ்சமும் தைப்பவர் யார்? அறுவை மருத்துவர் உடலில் போடுவதும் தையல்தானே? காசு பெற்றுத் தைக்கும்போது ஆண்மைக்குக் குறைவில்லை. தன் சட்டைப் பொத்தானைத் தானே தைக்கும்போது மட்டும் குறைவு வந்துவிடுமா?

நாளை மேற்படிப்புக்காக விடுதியில் தங்கப்போகும் மகனுக்கும் மகளுக்கும் ஒரே தேவைதான் இருக்கும். ஆகவே, வீட்டில் ஊசியை எடுக்கும்போது மகளை மட்டும் கூப்பிடாதீர்கள். மகனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். தந்தையும் உடன் உட்கார்ந்தால் இன்னும் நன்று.

வீட்டில் செய்யத்தக்கவை

எப்படித் தொடங்குவது என்று கேட்கும் பெற்றோருக்காகச் சில வழிகளைக் கூறுகிறேன். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை.

முதலாவது, அட்டைத் தையல். முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இது ஏற்றது. காலியான பிஸ்கட் பெட்டியின் அட்டையில் மீன், மாம்பழம், வீடு ஆகிய ஏதேனும் ஒரு படத்தை வரையச் சொல்லுங்கள். கோட்டின்மீது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு துளையாகப் பெரியவர் துளையிட்டுக் கொடுக்கவேண்டும். முனை மழுங்கிய, காது அகன்ற பெரிய ஊசியில் கம்பளி நூலைக் கோத்து, மேலிருந்து கீழும், கீழிருந்து மேலுமாகப் பிள்ளை இழுத்து வரும். இதுவே ஓட்டுத்தையலுக்கு அரிச்சுவடி.

இரண்டாவது, கட்டத்துணித் தையல். நம் ஆடவர் உடுத்தும் கட்டம் போட்ட சாரோங்கைப் 'பெலிக்காட்' என்பர். தமிழகக் கரையில் சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டின் பெயரே அவ்வாறு திரிந்தது. அத்துறையிலிருந்து முற்காலத்தில் இத்துணி கப்பலேறி வந்தது. பழைய பெலிக்காட் ஒன்றை எடுத்து, கைக்குட்டை அளவு வெட்டிக் கொடுங்கள். அதில் உள்ள கோடுகளே பிள்ளைக்கு வழிகாட்டும். கோட்டின்மேல் ஊசியை ஏற்றியும் இறக்கியும் ஓட்டுத்தையல் போடட்டும். இரு கோடுகள் வெட்டும் இடந்தோறும் இரண்டு தையலைக் குறுக்காகப் போட்டால், அது பெருக்கற்குறி போன்ற குறுக்குத்தையல் ஆகும். கட்டங்களை எண்ணி எண்ணித் தைத்தால் கோலமே வந்துவிடும். புள்ளி வைத்துக் கோலமிடும் நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிதன்று.

மூன்றாவது, பொத்தான் தைத்தல். மூன்றாம் ஆண்டு முதல் எல்லாப் பிள்ளைகளும் இதனை அறிந்திருக்கவேண்டும். பொத்தானைத் துணியோடு இறுக்கி ஒட்டித் தைத்துவிட்டால், போட்டுக் கழற்றும்போது துணி கிழியும். பொத்தானுக்குமேல் ஒரு தீக்குச்சியை வைத்து, அதன் மீதாகத் தைத்துவிட்டுப் பின்னர்க் குச்சியை உருவிவிட வேண்டும். அப்போது ஏற்படும் தளர்ச்சியில், பொத்தானுக்கு அடியில் நூலை மூன்று நான்கு சுற்றுச் சுற்றி முடிச்சிட்டால் நெடுநாள் நிற்கும்.

நான்காவது, சுருக்குப்பை. நான்காம் ஆண்டுக்கு மேற்பட்டவர்கள் இதைச் செய்யலாம். 20 செ.மீ. அகலமும் 50 செ.மீ. நீளமும் உள்ள துணி போதும். நீளத்தின் இரு முனைகளையும் 3 செ.மீ. உள்ளே மடித்து, கயிறு நுழையும் பட்டியாகத் தைக்கவேண்டும். பிறகு, துணியின் நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு இரண்டாக மடித்து, இரு ஓரங்களையும் ஒரு சென்டிமீட்டர் விட்டுப் பின்தையலால் தைக்கவேண்டும். பட்டியின் வாயை மட்டும் தைத்துவிடக் கூடாது. பையைத் திருப்பி, 60 செ.மீ. கயிற்றை ஊக்கில் மாட்டி இரு பட்டிகளிலும் நுழைத்து, முனைகளை முடிந்துவிட்டால் வேலை முடிந்தது. 18 செ.மீ. அகலமும் 22 செ.மீ. உயரமும் உள்ள பை கிடைக்கும். வண்ணப் பென்சில், கோலி, பாட்டியின் வெற்றிலை, எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது, காலுறைப் பொம்மை. இணை தொலைந்த காலுறை இல்லாத மாணவர் வீடு உண்டா? அதனுள் துணிக் கிழிசல்களைத் திணித்து, கழுத்து இருக்கவேண்டிய இடத்தில் நூலால் இறுக்கிக் கட்டி, கண்ணுக்கு நூலால் தையல் போட்டால் பொம்மை தயார். கைக்குழந்தைக்குக் கொடுக்கும் பொம்மையில் பொத்தான் கண் வைக்கக் கூடாது. அது பிய்ந்து தொண்டையில் சிக்கும். அண்ணனோ அக்காளோ தைத்த பொம்மையைத் தம்பி தூங்கும்போதும் விடாமல் பிடித்திருப்பதைக் காணும் தாயின் மகிழ்ச்சியைக் கடைப் பொம்மை தருமா?

ஆறாவது, குடும்பப் போர்வை. இதைக் குடும்பமே சேர்ந்து செய்யலாம். பழைய பள்ளிச் சீருடை, அப்பாவின் சாரோங், அம்மாவின் பருத்திச் சேலை, பாட்டியின் கைலி ஆகியவற்றிலிருந்து 15 செ.மீ. சதுரங்களாக 48 துண்டுகள் வெட்டுங்கள். வரிசைக்கு 6 ஆக, 8 வரிசை. ஒவ்வோர் ஓரத்திலும் ஒரு சென்டிமீட்டர் தையலுக்குப் போனால் சதுரம் 13 செ.மீ. ஆகும். அப்படியானால், போர்வையின் அகலமும் நீளமும் எவ்வளவு? இக்கணக்கைப் பிள்ளையே போடட்டும். 78 செ.மீ., 104 செ.மீ. என்று விடை வந்ததும், அளவு நாடாவை எடுத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். நோட்டுப் புத்தகத்தில் போட்ட கணக்கு மறந்துபோகும். போர்வையில் போட்ட கணக்கு மறக்காது.

கவனிக்கவேண்டியவை

ஊசி கூர்மையான பொருள். எத்தனை ஊசி எடுத்தோமோ அத்தனை ஊசியையும் எண்ணித் திரும்ப வைக்கவேண்டும். ஊசியை வாயில் கவ்வக் கூடாது. சட்டையில் குத்திக்கொண்டு ஓடக் கூடாது. சிறுவர்க்கு முனை மழுங்கிய கத்தரிக்கோலே கொடுக்கவேண்டும். விரல் நுனி முதல் முழங்கை வரையுள்ள நீளத்துக்கு மேல் நூல் எடுத்தால் சிக்கு விழும். நூல் முனையைச் சாய்வாக வெட்டினால் ஊசிக் காதில் எளிதில் நுழையும். வெளிச்சம் நன்கு விழும் ஐந்தடியிலோ சன்னல் ஓரத்திலோ உட்காரவேண்டும். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்பித்தால் குழப்பமே மிஞ்சும். எதிரில் உட்கார்ந்துகொள்ளுங்கள், கண்ணாடியில் பார்ப்பது போல உங்கள் கையைப் பார்த்து அது எளிதில் கற்றுக்கொள்ளும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. பிள்ளையின் கையிலிருந்து ஊசியைப் பிடுங்காதீர்கள். "இப்படியா தைப்பது? கொடு, நான் தைக்கிறேன்" என்று சொன்ன அந்த நொடியிலேயே அவ்வேலை பிள்ளையினுடையதாக இராமல் போய்விடுகிறது. வேறொரு துணியில் நீங்கள் தைத்துக் காட்டுங்கள். பிள்ளையின் துணியில் பிள்ளையே தைக்கட்டும். இரவில் பிள்ளை தூங்கியபின், கோணலைப் பிரித்து நேராகத் தைத்து வைக்கும் தாய்மாரும் உண்டு. அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால், காலையில் அதைக் காணும் பிள்ளைக்கு, 'நீ செய்தது போதாது' என்றல்லவா அந்த நேர்த்தையல் சொல்லும்?

சிலர் எழுப்பும் தடைகள்

"படிப்பதற்கே நேரமில்லை, இதற்கு எங்கே நேரம்?" என்று சிலர் கேட்பர். 1988-ஆம் ஆண்டு முதல் நம் தொடக்கப்பள்ளிகளில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நடைபெற்று வந்தது. அத்தேர்வை அஞ்சி, கைவேலை நேரத்தைப் பயிற்சித் தாள்களுக்குக் கொடுத்துவிட்ட வகுப்புகள் உண்டு. 2021-ஆம் ஆண்டில் அத்தேர்வு நீக்கப்பட்டது. அன்று கூறிய காரணம் போய்விட்டது. ஆயினும், கைவேலைக்குப் போதிய நேரம் திரும்பி வந்துவிட்டதா என்பதை ஒவ்வொருவரும் தம் பிள்ளையைக் கேட்டு அறியலாம். தேர்வுகள் வரும், போகும். பொறுமையும், அளந்து வெட்டும் பழக்கமும், பிழையைப் பிரித்துத் திருத்தும் துணிவும் எந்தத் தேர்வுக்கும் வேண்டியவையே. எழுதுகோல் பிடிக்கும் அதே விரல்கள்தாம் ஊசியையும் பிடிக்கின்றன என்பதை மறவாதீர்கள்.

"கைப்பேசியில் எல்லாவற்றையும் பார்த்துக் கற்கலாமே" என்பர் வேறு சிலர். பார்ப்பது வேறு, பழகுவது வேறு. எவ்வளவு இறுக்கினால் துணி சுருங்கும், எவ்வளவு தளர்த்தினால் தையல் விட்டுப்போகும் என்பதைக் கண் சொல்லாது, விரல்தான் சொல்லும். பேராக் மாநிலத்தில் பொன்னிழை கொண்டு தைக்கும் 'தெக்காட்' வேலையும், மலாக்கா, பினாங்கு ஆகிய இடங்களில் பெரானாக்கான் பெண்டிர் மணி கோத்துத் தைக்கும் காலணி வேலையும், 2021-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற 'சொங்கெட்' நெசவும் கைக்குக் கைதான் வந்திருக்கின்றன. நம் வீடுகளில் பூக்கட்டுவதும் தோரணம் பின்னுவதும் அவ்வாறே வந்தன.

"நாள் முழுவதும் உழைத்துக் களைத்து வருகிறோம்" என்று கூறும் பெற்றோரின் துன்பத்தை நான் அறிவேன். அவர்களிடம் நான் கேட்பது நாள்தோறும் ஒரு மணி நேரமன்று. வாரத்தில் ஒரு மாலை, அரைமணி நேரம் போதும். ஊசியும் நூலும் கையில் இருக்கும்போது, பிள்ளை தானாகவே பேசத் தொடங்கும். "இன்று பள்ளியில் என்ன நடந்தது?" என்று எதிரே நிறுத்திக் கேட்டால் வராத செய்திகளெல்லாம், தலை குனிந்து தைக்கும்போது ஒவ்வொன்றாக வெளிவரும்.

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள்

இறுதியாக, கைவினைக் காட்சி நடத்தும் பள்ளிகளுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் மூன்று கருத்துகளைப் பணிவுடன் முன்வைக்கிறேன். ஒன்று: கைவேலைப் பொருளைப் பள்ளியிலேயே, பாட நேரத்தில், ஆசிரியர் முன்னிலையில் பிள்ளைகள் செய்து முடிக்கட்டும். அப்போது வாங்கிவரும் பேச்சுக்கே இடமிராது. வாங்க இயலாத வீட்டுப் பிள்ளையும் தலை நிமிர்ந்து நிற்கும். இரண்டு: பொருளின் பக்கத்தில், பிள்ளை தன் கையாலேயே எழுதிய நான்கு வரிகளை வைக்கவேண்டும். துணி எங்கிருந்து கிடைத்தது, எந்த இடம் கடினமாக இருந்தது, யாருக்காகச் செய்தது என்பன அதில் இருக்கட்டும். மூன்று: நடுவர்கள் பொருளை மட்டும் பார்க்காமல், பிள்ளையை அழைத்து இரண்டு கேள்விகள் கேட்கவேண்டும். நாங்கள் அன்று பரிசு கொடுப்பதற்கு முன்னரே கேட்டிருந்தால், முதற்பரிசு யாருக்குப் போயிருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

அந்தப் பையன் இந்நேரம் வளர்ந்திருப்பான். அவன் பாட்டி அந்தச் சுருக்குப்பையை எத்தனை நாள் இடுப்பில் செருகி வைத்திருந்தாரோ, நான் அறியேன். ஆனால், நூல் அறுந்த இடத்தைக் காட்டியபோது மலர்ந்த அவன் முகம் என் கண்முன் இன்னும் நிற்கிறது. 'நான் செய்தேன்' என்று சொல்லும் அந்த மலர்ச்சியை நம் ஒவ்வொரு பிள்ளையின் முகத்திலும் காண முயல்வோமாக! இன்று மாலையே ஊசியையும் ஒரு துண்டுத் துணியையும் எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுப்போமாக! தையல் கோணலாக இருந்தால் இருக்கட்டும். அது நம் பிள்ளையின் தையல்.

வாழ்க கைத்திறன்! வளர்க நம் தமிழ்ப்பள்ளிகள்!